டியூப் ப்ரீஆம்ப் பேஸ் ஆம்பில் கோளாறா? அறிகுறியை வைத்துத் தேடும் வழி

டியூப் (கண்ணாடி வெற்றிடக் குழாய்) வைத்த பேஸ் ஆம்ப் எந்த விதத்தில் மக்கர் செய்தாலும் முதல் பழி டியூப் மேல்தான் விழுகிறது. சத்தம் வரவில்லையா, டியூப் போயிருக்கும். உறுமுகிறதா, டியூப்தான். ஆனால் உண்மையில் கேபிள், ஜாக், பேஸ் கிடாருக்குள் இருக்கும் பேட்டரி, திருகிகள் நிற்கும் இடம், கேபினெட் இணைப்பு இவற்றில்தான் பெரும்பாலான கோளாறுகள் இருக்கும். ஆகவே கையில் இருக்கும் கேபிளில் தொடங்கி உள்ளே போங்கள், டியூபைக் கடைசியாகத் தொடுங்கள்.

நான் இங்கே பேசுவது கலப்பு வகை ஆம்பைப் பற்றி: முன்பகுதியில் (அதுதான் ப்ரீஆம்ப்) 12ஏஎக்ஸ்7 டியூப் ஒன்றோ இரண்டோ இருக்கும் (இசிசி83 என்று அச்சிட்டிருந்தாலும் அதே டியூப்தான்), பவர் பகுதி டிரான்சிஸ்டரிலோ கிளாஸ் டி சர்க்யூட்டிலோ ஓடும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி போல முழுக்க முழுக்க டியூபில் ஓடும் ஆம்புகளுக்குச் சில விதிகள் வேறு, அவற்றை வரும் இடத்தில் சொல்கிறேன்.

சிக்னல் போகும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. கிடார், கேபிள், இன்புட் ஜாக், கெயின் (உள்ளே வரும் சிக்னலின் அளவு), டியூப், டோன் திருகிகள், எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை நடுவில் இணைக்க சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்), பவர் ஆம்ப், ஸ்பீக்கர் கேபிள், கேபினெட். மாஸ்டர் திருகி (மொத்த ஒலி அளவு) சில ஆம்பில் லூப்புக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். எதுவானாலும் லூப் பாதையின் நடுவில் இருப்பதால் கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்று ஒரே கேபிளை வைத்துச் சொல்லிவிடலாம். இதற்குக் கீழே திரும்ப வருவேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். டியூப் ஓடும் பகுதியில் பல ஆம்புகளில் 250 முதல் 300 வோல்ட் வரை டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். மல்டிமீட்டரால் அதை அளந்து வடிக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். இங்கே சொல்வதில் கிட்டத்தட்ட எல்லாம் வெளியிலிருந்தே செய்யக்கூடியவைதான்.

சோதனைக்கு முன் ஆம்பை ஒரு பொது நிலையில் வையுங்கள். கெயினும் மாஸ்டரும் பூஜ்யத்தில், டோன் திருகிகள் எல்லாம் நடுவில், கம்ப்ரஸர், டிரைவ், அல்ட்ரா லோ மாதிரி பட்டன்கள் எல்லாம் அணைந்து, மியூட் அணைந்து. பவர் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள், டியூப் சூடாக அரை நிமிடமாவது வேண்டும். பிறகு வாசிக்கும்போது எவ்வளவு பலமாகத் தட்டுவீர்களோ அவ்வளவு பலமாகத் தட்டிக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறும்போது எரிவது) பலமான தட்டுக்கு மட்டும் மினுக்கென்று எரியும் இடம் வந்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள். அதற்கப்புறம்தான் மாஸ்டரை ஏற்ற வேண்டும்.

பவர் விளக்கே எரியவில்லை

சுவர் சாக்கெட்டில் வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள், பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். கார்டு ஆம்பின் பின்னால் முழுசாக உள்ளே போகாமல் நிற்பது சாதாரணமாக நடக்கும். பிறகு பியூஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பியூஸைக் கழற்றி மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாற்றினால் அதே ஆம்பியர், அதே வகை. டி என்று போட்டிருந்தால் அது மெதுவாக எரியும் பியூஸ், அங்கே வேகமாக எரியும் வகையைப் போட்டால் ஆம்பை ஆன் செய்யும்போதே போய்விடும். சரியான பியூஸ் போட்டும் உடனே எரிந்தால் நிறுத்துங்கள், பெரிய பியூஸ் போட்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது. வேறு நாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 115, 230 என்று வோல்டேஜ் தேர்வு சுவிட்ச் இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

முதலில் மியூட். டியூனர் அவுட் உள்ள ஆம்பில் டியூன் செய்துவிட்டு மியூட்டை எடுக்க மறப்பது சகஜம். அடுத்தது ஸ்பீக்கர் கேபிள்: ஸ்பீக்கான் (பூட்டும் வகை ஸ்பீக்கர் பிளக்) என்றால் செருகினால் மட்டும் போதாது, திருகி 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் பார்க்கப் பொருந்தின மாதிரியே இருக்கும், சத்தம் வராது, அல்லது அதிர்வில் விட்டு விட்டு வரும்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ள கிடார்) என்றால் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். கிடாரில் ஜாக் செருகியிருக்கும் வரைக்கும் ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ராத்திரி முழுக்க கேபிளோடு சாய்த்து வைத்தால் பேட்டரி தீர்ந்து போகும். வேறு கேபிள், முடிந்தால் வேறு கிடார் போட்டுப் பாருங்கள். கிடாரிலிருந்து கேபிளைக் கழற்றி, கேபிளின் மறுமுனையை ஆம்பில் செருகி, மாஸ்டரை மிகக் குறைவாக வைத்து, இந்த முனையின் நுனியை விரலால் தொடுங்கள். உம்ம் என்று உறுமினால் ஆம்ப் முழுவதும் வேலை செய்கிறது, கோளாறு கிடாரில்.

உறுமவே இல்லையா? இப்போதுதான் லூப். சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு சின்னக் கேபிளை நேராகப் போடுங்கள். சத்தம் வந்துவிட்டால் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். லூப்பில் எதுவும் செருகாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் தொடுமுனை வழியாகத்தான் கடந்து போகிறது. யாரும் பயன்படுத்தாத ஜாக்கில் அந்த உலோகத் தகடு கறுத்துப்போய்விடும், தொடுகிறது ஆனால் கடத்தாது. ஆம்பை அணைத்துவிட்டு, பிளக் ஒன்றில் காண்டாக்ட் கிளீனரை லேசாகத் தெளித்து அந்த ஜாக்கில் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். பல ஆம்புகள் இதிலேயே உயிர்பெறும். எல்லா ஆம்பிலும் லூப் இப்படித் தொடராக இருக்காது, சிலவற்றில் இணையாக இருக்கும், அங்கே இந்தச் சோதனை பேசாது.

கேபிள் போட்டும் சத்தம் இல்லையென்றால் போனிலிருந்தோ வேறு ப்ரீஆம்பிலிருந்தோ வரும் சிக்னலை ஒலியைக் குறைத்து ரிட்டர்னில் கொடுங்கள், மாஸ்டர் லூப்புக்குப் பின்னால் உள்ள ஆம்பாக இருக்கலாம், அதையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் பின்பாதி நலம், ப்ரீஆம்ப் பக்கம்தான் பிரச்சினை. அப்போது டியூபைச் சந்தேகிக்க ஒரு நியாயம் கிடைக்கிறது. கேட்கவில்லையென்றால் பவர் ஆம்ப் அல்லது கேபினெட், டியூபுக்கு இதில் பங்கே இல்லை.

சத்தம் விட்டு விட்டு வருகிறது, திடீரென்று பாதியாகிறது

மேலே சொன்ன லூப் தொடுமுனையேதான் முதல் சந்தேகம். சத்தம் குறைந்திருக்கும்போது ஒரு நரம்பைப் பலமாகத் தட்டினால் திரும்ப வந்துவிடுகிறதா? அப்படியானால் கிட்டத்தட்ட உறுதியாகவே அழுக்குப் பிடித்த தொடுமுனை. அதற்கடுத்து கிடாரின் அவுட்புட் ஜாக்கில் தளர்ந்த நட்டு, கேபிள் முனையில் விட்டுப்போன சோல்டர். கேபிளை முனைக்குப் பக்கத்தில் மடக்கி மடக்கி ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

உறுமல்

இதற்குத்தான் நிதானம் வேண்டும், ஏனென்றால் உறுமலில் வகை உண்டு, வகை தெரிந்தால் இடம் தெரியும். காதைத் தீட்டிக் கேளுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் அடித்தொண்டை உறுமல் கிட்டத்தட்ட உங்கள் ஈ நரம்பின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம்தான் (அது 49 ஹெர்ட்ஸ்). அந்த ஜி-யை வாசித்து ஒப்பிட்டால் ஒத்துப்போவது காதில் விழும். அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே, 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்போடு வந்தால் அது வேறு விஷயம்: மாறுமின்சாரத்தை டிசியாக்கும் பகுதியில் வடிகட்டும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் அடி உறுமல் ஏ நரம்பின் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையே விழும், அதன் ஆக்டேவ் 120.

அடுத்து மாஸ்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். உறுமல் குறையாமல் அப்படியே இருந்தால் பவர் ஆம்ப், அல்லது மின்சப்ளை. அது டெக்னீஷியன் வேலை. மாஸ்டரோடு குறைகிறது, ஆனால் கெயினைக் குறைத்தாலும் இருக்கிறது என்றால் டியூபுக்கும் மாஸ்டருக்கும் நடுவில். கெயினோடு சேர்ந்து குறைந்தால் கிடார், கேபிள், பெடல் பக்கம். பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

கிடாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் குறைந்து இன்னொரு திசையில் கூடினால் அது சிங்கிள் காயில் பிக்கப் (நரம்பின் அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) சுற்றுப்புறத்திலிருந்து பிடிக்கும் மின்காந்த இரைச்சல். டிம்மர் விளக்கு, பவர் அடாப்டர், ஆம்பின் டிரான்ஸ்பார்மர் இவற்றிலிருந்து விலகி நின்றால் தணியும். ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் ஒன்றின் உறுமலை மற்றது அடித்துவிடும். இதற்குப் போய் டியூப் மாற்றினால் ஒன்றும் ஆகாது.

நரம்பைத் தொட்டதும் உறுமல் குறைகிறதா? அது இயல்பு. தொட்டதும் கூடுகிறதா? பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் கம்பி விட்டிருக்கும். தொட்டதும் கையில் சுரீர் என்கிறதா? அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்குங்கள். சாக்கெட்டில் எர்த் இல்லை அல்லது ஆம்பில் மின்கசிவு இருக்கிறது. ஒரு கை நரம்பில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. உறுமலைக் குறைக்கிறேன் என்று பவர் கார்டின் எர்த் பின்னை வெட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். மிக்ஸருக்கு டிஐ (ஆம்பிலிருந்து நேராகச் சிக்னல் அனுப்பும் எக்ஸ்எல்ஆர் அவுட்புட்) போட்டதும்தான் உறுமல் தொடங்கியது என்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது, டிஐ பக்கத்தில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் அதற்காகவே இருக்கிறது. அது அந்த எக்ஸ்எல்ஆர் இணைப்பின் கவசக் கம்பியை மட்டும்தான் விடுவிக்கிறது, ஆம்பின் பாதுகாப்பு எர்த்தைத் தொடுவதில்லை. பெடல்கள் இருந்தால் ஒன்றொன்றாகக் கழற்றிப் பாருங்கள், ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் பிரித்துக் கொடுப்பதும் உறுமல், கீச்சொலி இரண்டையும் கொண்டுவரும்.

கரகர, பொரிகிற சத்தம்

திருகியைச் சுற்றும்போது மட்டும் கரகரக்கிறதா, தொடாமலே பொரிகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது என்றால் அழுக்கு. பவர் அணைத்து, பொட்டென்ஷியோமீட்டருக்கான கிளீனரை விட்டு, இருபது முப்பது தடவை முழுசாகச் சுற்றினால் சரியாகும். சுத்தம் செய்தும் இரண்டொரு நாளில் திரும்ப வந்தால் அழுக்கு காரணமில்லை, டியூபுக்குப் பின்னால் இருக்கும் இணைப்புக் கெபாசிட்டர் டிசியைக் கசியவிடுகிறது, அந்த டிசி திருகியில் ஏறியிருக்கிறது. கெபாசிட்டரை மாற்ற வேண்டும்.

யாரும் தொடாமலே, கிடாரும் செருகாமலே, எண்ணெயில் எதையோ போட்டது மாதிரி பொரிந்துகொண்டிருந்தால், இப்போது டியூபைச் சந்தேகிக்கலாம். நல்லதென்று தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7-ஐப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. புது டியூபிலும் பொரிந்தால் அந்த டியூபின் பிளேட் ரெசிஸ்டர் பழுது, அல்லது டியூப் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது.

சில சுரங்களுக்கு மணி அடிக்கிறது, ஊளையிடுகிறது

இது டியூபின் குற்றம்தான். டியூபுக்குள் இருக்கும் மெல்லிய உலோக அமைப்பு தளர்ந்தால் அதிர்வை மைக் மாதிரி பிடித்து ஆம்புக்குள் அனுப்பும். ஆம்ப் பெரிய கேபினெட்டின் மேலே உட்கார்ந்து அடி பி நரம்பின் 31 ஹெர்ட்ஸ் அதிர்வை வாங்கிக்கொண்டிருந்தால் இது சீக்கிரமே வரும். டியூப் வெளியே தெரியும் ஆம்ப் என்றால், கெயினை வாசிக்கும் அளவிலும் மாஸ்டரைக் குறைவாகவும் வைத்து, மரப் பென்சிலின் பின்முனையால் டியூபை மெதுவாகத் தட்டுங்கள். முதல் டியூபைத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். தட்டி முடித்த பிறகும் 'டிங்ங்' என்று இழுத்தால் மாற்ற வேண்டிய டியூப். தற்காலிகமாக, ஆம்பைக் கேபினெட்டிலிருந்து இறக்கி வைத்தாலே நின்றுவிடும், அல்லது அடியில் நுரைப்பஞ்சு போடலாம், காற்றுப் போகும் துளை மட்டும் மூடக்கூடாது.

சத்தம் உடைகிறது

எங்கே உடைகிறது என்பதுதான் கேள்வி. கெயினைக் குறைத்து மாஸ்டரை ஏற்றுங்கள். சுத்தமாகிவிட்டால் முன்பகுதி நிரம்பி வழிகிறது. பலமான சிக்னல் தரும் ஆக்டிவ் பேஸ் என்றால் ஆக்டிவ் பட்டனை அழுத்துங்கள், பெரும்பாலான ஆம்பில் அந்தப் பட்டன் 10, 15 டெசிபெல் குறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை, ஆகவே பாசிவ் பேஸ் (பேட்டரி இல்லாதது) பலமாக வந்தாலும் தாராளமாக அழுத்தலாம், ஆக்டிவ் பேஸ் மெலிதாக வந்தால் அழுத்தாமலும் விடலாம். மாறாமல் பலமான தட்டுக்கு மட்டும் அசிங்கமாக உடைகிறதா, பேட்டரியை அளங்கள். புது 9 வோல்ட் பேட்டரி 9-க்கு மேலேயே காட்டும், 7 பக்கம் இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

டியூப் உடைவது மெதுவாக, வழுவழுப்பாக இருக்கும், பவர் ஆம்ப் உடைந்தால் சட்டென்று கிழியும், ஸ்பீக்கர் தாங்காமல் போனால் பட்பட்டென்று காகிதம் அடிப்பதுபோல் வரும். ஹெட்போன் ஜாக் இருந்தால் அதில் கேளுங்கள், அங்கே சுத்தமாக இருந்து கேபினெட்டில் மட்டும் உடைந்தால் ஸ்பீக்கர் பக்கம் போங்கள். குறிப்பிட்ட ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் கிர்ர் என்றால் கேபினெட்டின் கிரில், கைப்பிடி, ஸ்க்ரூ, இல்லாவிட்டால் அறையில் எங்கோ ஒரு ஜன்னல் கண்ணாடி. அதே சுரத்தை விடாமல் தட்டச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள்.

டியூப் ஒலியே வரவில்லை, தட்டையாக இருக்கிறது

கெயினைக் கால்வாசியில் வைத்து மாஸ்டரை முழுக்கத் திறந்து வாசித்தால் டியூபுக்கு வேலையே இல்லை. சிக்னல் டியூபை நெருக்கும்போதுதான் கூடுதல் ஹார்மோனிக்குகள் பிறக்கின்றன, அதைத்தான் நாம் கதகதப்பு என்கிறோம். மாஸ்டரை இறக்கி கெயினை ஏற்றுங்கள், கிளிப் விளக்கு அடிக்கடி மினுக்கட்டும், முன்பகுதி டியூபுக்கு அதனால் கேடு இல்லை.

அளவுக்கு மீறிக் கரகரத்தால் 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் 12ஏடி7 போட்டுப் பார்க்கலாம். முதலாவதின் பெருக்கம் 100, இரண்டாவது 60, 12ஏயு7 20-க்கும் கீழே. காலமைப்பு மூன்றுக்கும் ஒன்றுதான், பல ஆம்புகள் இந்த மாற்றத்தைத் தாங்கும், ஆனால் உங்கள் ஆம்பின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தனியாக நன்றாக இருக்கிறது, எல்லோரோடும் வாசித்தால் காணோம்

கோளாறு என்று சொல்லி ஆம்பைக் கழற்ற வைக்கும் புகார்களில் இதுவும் ஒன்று, ஆனால் ஆம்பில் ஒரு பழுதும் இருக்காது. தனியாகச் சின்ன சத்தத்தில் வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைக் குழித்து வைப்போம், காதுக்கு இனிக்கும். குறைந்த சத்தத்தில் காது அடித்தள ஒலிகளைக் குறைவாகவே கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள், அதனால்தான் வீட்டில் செய்த அமைப்பு மேடையில் குமுறலாகிவிடுகிறது. ஈ நரம்பின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், பல கேபினெட்டுகள் அங்கே ஏற்கனவே சரியத் தொடங்கியிருக்கும், நாம் கேட்பதில் பெரும்பகுதி 82-க்கு மேலே இருக்கும் ஹார்மோனிக்குகள். பேஸ் திருகியை இன்னும் ஏற்றினால் ஆம்பின் பவரும் ஸ்பீக்கரின் பொறுமையும்தான் செலவாகும். பேஸைக் குறைத்து, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள மிட்டை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கடைத்த ஒலியாகத் தெரியும், டிரம்மும் கிடாரும் சேர்ந்ததும் அது கச்சிதமாக உட்காரும்.

இன்னொன்று: ஃபெண்டர் பாணி டோன் சர்க்யூட் உள்ள ஆம்பில் எல்லாத் திருகியும் நடுவில் இருந்தால் அது தட்டை நிலை இல்லை, மிட் ஏற்கனவே குழிந்திருக்கிறது. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நன்றாக இறக்கி மிட்டை முழுக்கத் திறந்தால்தான் தட்டைக்குப் பக்கத்தில் வரும். இரண்டு கேபினெட் சேர்த்ததும் பேஸ் காணாமல் போனால் ஒன்றின் உள்வயரிங் தலைகீழ். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் கேபிளில் தொட்டு, இரண்டு கேபினெட்டின் கோனும் ஒரே பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் சூடாகி நின்றுவிடுகிறது

ஓம் கணக்கு. 8 ஓம் கேபினெட் இரண்டை இணைத்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டை இணைத்தால் 2 ஓம். ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 ஓம் என்றிருந்தால் 2 ஓம் கொடுக்கவே கூடாது. கேபினெட்டில் எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரில் அளங்கள், 8 ஓம் கேபினெட் 5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் மூன்றைச் சுற்றி. பிறகு விசிறியில் தூசி, சுவரை ஒட்டி வைத்தது. ஸ்பீக்கருக்குக் கிடார் கேபிளைப் போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள், மெல்லிய கம்பி சூடாகும், மேலும் பல கிளாஸ் டி ஆம்புகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் இருப்பதால் கேபிளின் வெளிக்கவசம் வேறு உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். கலப்பு வகை ஆம்பைக் கேபினெட் இல்லாமல் ஹெட்போனிலோ டிஐயிலோ ஓட்டலாம். முழு டியூப் ஆம்பை அப்படி ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

மிக்ஸருக்குப் போகும் ஒலி சரியில்லை

டிஐயில் ப்ரீ, போஸ்ட் பட்டனைப் பாருங்கள். ப்ரீயில் இருந்தால் நீங்கள் திருகும் எதுவும் மிக்ஸருக்குப் போகாது, சில ஆம்பில் டியூபே அந்தப் பாதையில் இல்லை. போஸ்ட்டில் இருந்தால் பாட்டின் நடுவே நீங்கள் பேஸ் திருகியைத் தொட்டாலும் வெளியே அது மாறும். மிக்ஸரில் 48 வோல்ட் ஃபாண்டம் (மைக்குகளுக்காக கேபிள் வழியே மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) போட்டிருக்கும்போது கேபிளைச் செருகவோ பிடுங்கவோ செய்யாதீர்கள், அந்தச் சேனலை மியூட் செய்யச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டியூபை மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால்

கண்ணாடியின் தலைப்பக்கம் வெள்ளிப் பூச்சு பளபளவென்றிருந்தால் வெற்றிடம் நலம். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, வேறு சோதனையே வேண்டாம். உள்ளே செம்மஞ்சளாக மங்கலாக எரிவது இயல்பு. சில டியூப் ஆன் செய்த கணத்தில் பளிச்சென்று மின்னி அடங்கும், அதுவும் இயல்பே. எரியவே இல்லை, தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால் ஹீட்டர் அறுந்திருக்கும்: கழற்றிய டியூபின் 4, 5-ஆம் கால்களுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தால் தொடர்ச்சி காட்டாது. கால்களை அடியிலிருந்து பார்க்கும்போது பெரிய இடைவெளியிலிருந்து வலஞ்சுழியாக எண்ண வேண்டும்.

பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, உலோக மூடியை அழுத்தித் திருகி எடுங்கள். டியூபை நேராக மேலே இழுங்கள், லேசாக வட்டமாக அசைக்கலாம், முறுக்கக் கூடாது. ஒன்பது காலில் ஏதாவது வளைந்திருந்தால் போடுவதற்கு முன்னால் நிமிர்த்துங்கள். கெயின் டியூப் ஒன்று, டோனுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு 12ஏஎக்ஸ்7 இருந்தால் புதியது வாங்கும் முன்பு அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்: கோளாறும் கூடவே மாறினால் எந்த டியூப் என்று தெரிந்துவிடும், மாறாவிட்டால் இரண்டுமே நல்ல டியூப், தேட வேண்டிய இடம் சாக்கெட்டும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும்.